வடக்குக் காடுகளின் கார்பன் கணக்கை ஒற்றை எண்ணில் அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடா, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா என்று பூமியின் வட பாகத்தைச் சுற்றி ஒரு பட்டையாகக் கிடக்கும் போரியல் காடுகளைப் பற்றி உங்கள் நாளிதழ் முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தது. இப்படியொரு விஷயத்துக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியதற்கே முதலில் பாராட்டு. ஆனால் கட்டுரையின் நடுவே பெட்டி கட்டி, பெரிய எழுத்தில், அந்தக் காடுகள் ஆண்டுக்கு இவ்வளவு டன் உறிஞ்சுகின்றன என்று ஒரே ஒரு எண்ணைப் போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எண் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாதபடி அது இருக்கிறது, அதுதான் புகார். எந்த ஆண்டுகளுக்கு, எவ்வளவு பரப்புக்கு, காட்டுத்தீயைச் சேர்த்தா சேர்க்காமலா, நேரில் அளந்ததா, கணினி மாதிரி (காடு இயங்கும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டும் கணக்கு) சொன்னதா, ஒன்றுமே இல்லை. கார்பனா, கார்பன் டை ஆக்சைடா என்றுகூட இல்லை. ஒரு டன் கார்பன் என்பது 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு. இதை மாற்றிப் படித்துவிட்டால் விடை கிட்டத்தட்ட நான்கு மடங்கு நகர்ந்துவிடும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், இந்தக் காடுகளின் கார்பன் வரவு செலவு மற்ற எந்தக் கணக்கையும் போல ஒரே எண்ணில் அடங்குகிற கணக்கு கிடையாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காடு ஒளிச்சேர்க்கையில் கார்பனை உள்ளே இழுக்கிறது. அதே காடு, மரங்களின் சுவாசத்தாலும், மண்ணில் மட்கைத் தின்னும் நுண்ணுயிர்களாலும் பூஞ்சைகளாலும், இழுத்ததில் பெரும்பகுதியைத் திரும்ப வெளியே விடுகிறது. மிச்சம் என்பது இரண்டு பெரிய எண்களுக்கு நடுவே உள்ள சின்ன வித்தியாசம். தெற்கு ஃபின்லாந்தில் ஹ்யூட்டியாலா என்ற இடத்தில் 1962-இல் விதைத்து வளர்த்த ஒரு பைன் காடு இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து அங்கே தொடர்ந்து அளக்கிறார்கள், உலகத்தில் மிக நன்றாகக் கவனிக்கப்பட்ட காடுகளில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டில் சுமார் 1000 கிராம் கார்பன் உள்ளே போகிறது, சுமார் 800 கிராம் வெளியே வருகிறது, கையில் நிற்பது 200 கிராம் சொச்சம். இது இளமையான, நன்றாக வளர்கிற காடு. வயதான, குளிர்ந்த, ஈரமான காட்டுக்குப் போனால் அந்த மிச்சம் 50-ஆகவோ 20-ஆகவோ சுருங்கிவிடும், சில ஆண்டுகளில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். வரவில் 5 சதவீதம், செலவில் 5 சதவீதம் பிழை இருந்தாலே போதும், கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிடும். லாரியை டிரைவரோடு ஒரு தடவை, டிரைவர் இல்லாமல் ஒரு தடவை எடைபோட்டு, கழித்து, டிரைவரின் எடையைக் கண்டுபிடிக்கிற வேலை இது.

வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. கனடாவின் மானிடோபா மாநிலத்தில் தாம்ப்சன் ஊருக்குப் பக்கத்தில் நூறு வயது தாண்டிய, கருப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு ஒன்று உண்டு. போரியாஸ் என்ற பெரிய ஆய்வுத் திட்டத்தின் ஒரு பகுதியாக 1994 தொடங்கி அதைக் கோபுரம் கட்டி அளந்தார்கள். 1998-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? ஹெக்டேருக்கு ஆண்டில் 0.3 டன் கார்பனை அந்தக் காடு இழக்கிறது, கூடவோ குறையவோ 0.5 டன். அதாவது பிழை எல்லை விடையைவிடப் பெரியது! இதை எழுதியவர்கள் அதை மறைக்கவில்லை, தலைநிமிர்ந்து அச்சிட்டார்கள். அதோடு காரணத்தையும் சொன்னார்கள்: மேலே மரங்கள் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் ஆழத்தில் உறைந்து கிடந்த பழைய மட்கு உருகி அழுக ஆரம்பித்ததும் அந்த வரவை அது விழுங்கிவிடுகிறது. பச்சைப் பசேலென்று நிற்கிற காடு கார்பனை இழந்துகொண்டிருக்கலாம் என்பதை மேலோட்டமாகப் பார்க்கிற எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அதே காட்டை வைத்து 2001-இல் இன்னொரு வேலை நடந்தது. ஒன்பது கணினி மாதிரிகளிடம் ஒரே வானிலைத் தரவையும் ஒரே காட்டு விவரங்களையும் கொடுத்து, 1994 முதல் 1996 வரையான கணக்கைப் போடச் சொன்னார்கள். ஆண்டு மிச்சம் என்று அவை சொன்னது, சதுர மீட்டருக்கு 11 கிராம் இழப்பு என்பதிலிருந்து 85 கிராம் சேமிப்பு என்பது வரை சிதறிக் கிடந்தது. ஒரே காடு, ஒரே மழை, ஒரே வெயில்! இதில் எனக்குப் பிடித்த விஷயம், பெரும்பாலான மாதிரிகள் அளவீட்டைவிட அதிகச் சேமிப்பைக் காட்டியதற்குக் கிடைத்த விளக்கம்தான். மாதிரிகளுக்குக் கொடுத்த விவரங்கள் மரங்கள் நன்றாக வளர்ந்த பகுதியிலிருந்து எடுத்தவை, கோபுரத்துக்கு வந்து சேர்ந்த காற்றோ சோனியான ஈரப் பகுதிகளின் மேலேயும் தவழ்ந்து வந்தது. ஆக மாதிரியும் அளவீடும் பார்த்தது முழுக்க ஒரே காட்டையே அல்ல.

சரி, அளவீட்டையே நம்பிவிடலாமே என்று யாராவது கேட்கலாம். அங்கேயும் ஒரு சிக்கல். மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம், அதன் உச்சியில் காற்றின் வேகத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வினாடிக்கு 10 அல்லது 20 தடவை அளக்கிற கருவிகள். காற்றுச் சுழல்கள் மேலே ஏறும்போது எவ்வளவு வாயுவைத் தூக்கிப் போகின்றன, கீழே இறங்கும்போது எவ்வளவு கொண்டுவருகின்றன என்று அரை மணிக்கு ஒரு தடவை கூட்டிக் கழிக்கிறார்கள். அருமையான முறை, பகலில் நன்றாகவே வேலை செய்யும். ராத்திரி காற்று அடங்கிவிட்டால்தான் வினை. காடு சுவாசித்து வெளியே விடுகிற வாயு மேலே ஏறாமல் மரங்களுக்கு அடியிலேயே தேங்கி, சரிவு இருந்தால் பள்ளத்தைப் பார்த்து வழிந்து போய்விடும். உச்சியில் இருக்கிற கருவிக்குத் தெரியவே தெரியாது. பகல் வரவு முழுசாகப் பதிவாகும், ராத்திரிச் செலவு குறைவாகப் பதிவாகும். பிழை இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் சராசரியில் கரைந்துபோகும். இது ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை, எப்போதும் காட்டை நல்ல பிள்ளையாகக் காட்டும். அதனால் காற்று அடங்கிய அரை மணிகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, கருவி பழுதான நேரத்தையும் பனி மூடிய நேரத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டு, அந்த இடைவெளிகளை வெப்பநிலையை வைத்து ஒரு சின்னச் சமன்பாட்டால் நிரப்புகிறார்கள். ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு நேரடி அளவே இருக்காது என்பது சர்வ சாதாரணம். ஆக ‘அளந்த’ ஆண்டு எண்ணுக்குள்ளேயே ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இதை யாரும் ஒளிக்கவில்லை, ஆனால் செய்தித்தாளுக்கு வந்து சேரும்போது அது காணாமல் போய்விடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வளிமண்டலத்துக்காரர்கள் காடு உறிஞ்சுவதைக் கழித்தல் குறியில் போடுவார்கள், வளிமண்டலத்துக்கு அது இழப்பு என்பதால். சூழலியல்காரர்கள் அதையே கூட்டல் குறியில் போடுவார்கள், காட்டுக்கு அது வரவு. இரண்டு துறையின் வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறிப்பைப் படிக்காமல் செய்தி எழுதினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதிரிகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் கட்டுரை தொடவே இல்லை. ஒளிச்சேர்க்கைப் பகுதி ஓரளவு உறுதியானது. 1980-இல் ஃபார்குவார், வான் காமரர், பெர்ரி மூவரும் வெளியிட்ட சமன்பாடுகள்தான் இன்றைக்கும் பெரும்பாலான மாதிரிகளின் அடித்தளம். இலையில் விழும் ஒளி, இலைக்குள் இருக்கும் வாயுவின் செறிவு, வெப்பநிலை, நொதியின் அளவு, இவ்வளவையும் சொன்னால் இலை எவ்வளவு கார்பனைப் பிடிக்கும் என்று அது சொல்லிவிடும். ஆனால் வடக்கே ஊசியிலை மரங்களுக்கு ஒரு தனிக் குணம். குளிர்காலத்தில் அவை பச்சையாகத்தான் நிற்கும், உள்ளே வேலை நின்றிருக்கும். மார்ச் மாதத்தில் இரண்டு நாள் வெயில் அடித்தால் உடனே விழித்துக்கொள்ளாது. வேர் இருக்கும் மண் இன்னும் உறைந்து கிடக்கிறது, தண்ணீர் வராது. இலையின் ஒளி வாங்கும் அமைப்பும் மெல்ல மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். அன்றைய வெப்பநிலையை மட்டும் பார்க்கிற மாதிரி வசந்தத்தைச் சில வாரங்கள் முன்னாலேயே தொடங்கிவிடும், ஆண்டுக் கணக்கில் அது பெரிய தொகை. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள்: அன்றைய வெப்பநிலைக்குப் பதிலாக, பல நாள் வெப்பநிலையைத் தாமதமாகப் பின்தொடரும் ஓர் அளவை வைத்தார்கள். எளிமையானது, ஆனால் வசந்த காலம் அழகாகப் பொருந்திவிட்டது.

செலவுப் பக்கம்தான் உண்மையான தலைவலி. பத்து டிகிரி கூடினால் மண்ணின் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்ற பழைய விதியை வைத்துக்கொண்டு பல மாதிரிகள் ஓடுகின்றன. விதி மோசமில்லை. ஆனால் எந்த வெப்பநிலை? காற்றுடையதா, மண்ணுடையதா, எந்த ஆழத்தில்? வடக்கே மண்ணுக்கு மேலே குளிர்காலத்தில் பனிப் போர்வை, கோடையில் பாசிப் போர்வை. தடித்த பனி இருந்தால் வெளியே மைனஸ் 30 டிகிரி இருக்கும்போதும் மண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும், பனியின் வழியே வாயு கசிந்துகொண்டே இருக்கும். ஆறேழு மாதக் குளிர்காலத்தில் சொட்டுச் சொட்டாகப் போவது கோடையின் சேமிப்பில் நல்ல பங்கைக் கரைத்துவிடும். பனியின் தடிமனைத் தப்பாகப் போடும் மாதிரி இதைத் தவறவிடும்.

பாசி விஷயம் இன்னும் சுவாரசியம். கருப்பு ஸ்ப்ரூஸ் காட்டின் தரை முழுக்க மெத்தை போலப் பாசி. அதற்கு இலைத்துளை கிடையாது, வேர் கிடையாது, காய்ந்தால் அப்படியே உறங்கும், நனைந்தால் எழும். கோடையில் வெப்பத்தைக் கீழே இறங்கவிடாமல் தடுத்து, மண்ணைக் குளிர்ச்சியாக வைத்து, அழுகலை மெதுவாக்குகிறது. போதாக்குறைக்கு, சில வகைப் பாசிகளின் மேல் வாழும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனையும் பிடித்துத் தருகின்றன, 2002-இல் இது தெரியவந்தது. நைட்ரஜன் பஞ்சத்தில் வாழும் காட்டுக்கு அது சின்ன உதவி இல்லை. பாசியே இல்லாத மாதிரி ஒன்றைப் போரியல் காட்டில் ஓட்டினால், கோடையில் மண் அதிகமாகச் சூடாகும், உறைமண் (ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் அடிமண்) ஆழமாக உருகும், கார்பன் வேகமாக வெளியேறும், எல்லாம் கணினிக்குள் மட்டும்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதியுங்கள், இந்தக் காடுகளின் கார்பன் பெரும்பாலும் இருக்கிற இடம் அதுதான். உங்கள் படத்தில் மரங்கள்தான் தெரிந்தன. 2011-இல் வந்த ஓர் உலகக் கணக்கின்படி போரியல் காடுகளின் கார்பனில் 60 சதவீதம் மண்ணில், 20 சதவீதம் மட்டுமே உயிருள்ள மரங்களில். அதற்கு முன் 2000-இல் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு வெளியிட்ட அட்டவணையை எடுத்தால் தாவரங்களில் 8800 கோடி டன், மண்ணில் 47,100 கோடி டன், அதாவது மண்ணின் பங்கு 80 சதவீதத்துக்கும் மேல். எவ்வளவு ஆழம் வரை தோண்டுவது, சதுப்பு நிலங்களைக் காட்டோடு சேர்ப்பதா, விழுந்து கிடக்கும் மரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதைப் பொறுத்து இப்படி மாறும். இரண்டுமே பொறுப்பானவர்கள் போட்ட கணக்குகள்தான். இப்போது சொல்லுங்கள், பெட்டிக்குள் எதைப் போடுவீர்கள்?

இந்த மண்ணை மாதிரிகள் எப்படிப் பார்க்கின்றன என்றால், கார்பனை வேகமாக அழுகுவது, மெதுவாக அழுகுவது, ஏறக்குறைய அழுகவே அழுகாதது என்று சில தொட்டிகளாகப் பிரித்துவிடுகின்றன. இந்தப் பாணியில் மிகப் புகழ்பெற்ற செஞ்சுரி மாதிரி முதலில் அமெரிக்கப் புல்வெளிகளுக்காக 1980-களில் எழுதப்பட்டது. அங்கிருந்து அது உலகம் முழுக்கப் போய்விட்டது. அப்புறம் தொட்டிகளில் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாதே, அதற்கு என்ன செய்வது? மாதிரியை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குச் சும்மா ஓடவிட்டு, வரவும் செலவும் சமமாகி அசையாமல் நிற்கும் நிலைக்கு வந்ததும், அங்கிருந்து உண்மையான கணக்கைத் தொடங்குவார்கள். வேறு வழி இல்லாததால் வந்த பழக்கம் இது. ஆனால் போரியல் காடு என்றைக்கு அசையாமல் நின்றது? எந்த ஒரு இடத்தை எடுத்தாலும் அது கடைசித் தீயிலிருந்து எழுந்துகொண்டோ, அடுத்த தீயை நோக்கிப் போய்க்கொண்டோ இருக்கிறது. சமநிலையில் தொடங்கும் மாதிரிக்குத் தீயின் வரலாறு தெரியாது. தொடக்கத்தில் பூஜ்யம் என்று வைத்துவிட்டதால், பிறகு அது காட்டும் சேமிப்பு முழுக்க வெப்பத்தாலும் கூடுதல் கார்பன் டை ஆக்சைடாலும் வந்ததாகத் தோன்றும். ஐம்பது வருஷம் முன்னால் எரிந்த காடு மறுபடி வளர்வதால் வரும் சேமிப்பு எது, காற்று மாறியதால் வரும் சேமிப்பு எது என்று பிரிக்காமல் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. முதல் வகைச் சேமிப்பு, காடு வயதாக ஆகத் தானாகவே மெலிந்துவிடும்.

மண்ணில் கார்பன் எங்கிருந்து வருகிறது என்பதிலேயே ஆய்வாளர்களின் எண்ணம் மாறிக்கொண்டிருக்கிறது. மேலே இருந்து விழும் இலையும் பாசியும் அடுக்கடுக்காகச் சேர்ந்து மட்காகின்றன என்றுதான் நெடுங்காலம் நினைத்து மாதிரிகளை எழுதினார்கள். வட ஸ்வீடனில் ஒரு பைன் காட்டில் மரப்பட்டையைச் சுற்றிலும் வளையமாக வெட்டி, இலையின் சர்க்கரை வேருக்கு இறங்காமல் தடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு மாதத்துக்குள் மண்ணின் சுவாசம் பாதி அளவுக்குக் குறைந்துவிட்டது, 2001-இல் வந்த முடிவு. மண்ணிலிருந்து வரும் வாயுவில் பாதி பழைய மட்கிலிருந்து வருவதே இல்லை, அன்றாடம் இறங்கும் சர்க்கரையில் வாழும் வேரும் அதோடு கூட்டுவாழும் பூஞ்சையும் விடும் மூச்சு அது. பிறகு 2013-இல், அதே ஸ்வீடனின் ஏரித் தீவுகளில் நடந்த ஆய்வு, தேங்கிக் கிடக்கும் கார்பனில் 50 முதல் 70 சதவீதம் வேர்களிலிருந்தும் அவற்றோடு சேர்ந்த நுண்ணுயிர்களிலிருந்தும் வந்தது என்று சொன்னது. மேலிருந்து கீழே என்று நினைத்தது கீழிருந்தே என்றாகிவிட்டது. பூஞ்சைகளைத் தனியாக வைத்துக் கணக்கிடும் மாதிரிகள் இன்னும் குறைவுதான்.

அடுத்தது தீ. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரே ஒரு வரி. 2023-இல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. செயற்கைக்கோள்கள் பார்த்த கார்பன் மோனாக்சைடை வைத்துக் கணக்கிட்டவர்கள், மே முதல் செப்டம்பர் வரை வெளியேறிய கார்பன் சுமார் 64.7 கோடி டன் என்றார்கள். புதைபடிவ எரிபொருளால் ஆண்டுக்கு அதைவிட அதிகம் வெளியிடும் நாடுகள் சீனா, அமெரிக்கா, இந்தியா மூன்று மட்டும்தான். ஒரு கோடைக்கால எண் இப்படி இருக்கும்போது, பல ஆண்டுச் சராசரி என்ற பெயரில் வரும் எந்த எண்ணும் எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகிறது என்பதைப் பொறுத்துத் தலைகீழாகலாம். எரிவது மரத்தண்டு என்று பலர் நினைக்கிறார்கள். வட அமெரிக்கப் போரியல் தீயில் வெளியேறும் கார்பனில் பெரும்பங்கு தரையில் கிடக்கும் மட்கடுக்கிலிருந்து வருகிறது. காடு மறுபடி வளர்ந்து அதைச் சேர்த்துவிடும் என்பது பழைய நம்பிக்கை, தீக்கும் தீக்கும் இடைவெளி போதுமான அளவு இருக்கும் வரை அது சரியும்கூட. கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் 2014-இல் எரிந்த இடங்களைத் தோண்டிப் பார்த்தவர்கள், 60 வயது ஆகாத இளங்காடுகள் பலவற்றில், முந்தைய தீக்களில் தப்பிப் பிழைத்த பழைய கார்பனும் இந்தத் தடவை எரிந்துபோயிருப்பதைக் கண்டார்கள். அந்த இடங்களில் காடு திரும்பவும் வளர்ந்தாலும், தீ அடிக்கடி வந்தால் கணக்கு நேராகாது.

பூச்சியையும் விட்டுவிட்டீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் மரத் துளைப்பான் வண்டு பரவியபோது, 3,74,000 சதுர கிலோமீட்டரில் 2000 முதல் 2020 வரை மொத்தம் 27 கோடி டன் கார்பன் இழப்பாகும் என்று 2008-இல் கனடா வனத்துறை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். குளிர்காலம் கடுமையாக இருந்தால் வண்டுப் புழுக்கள் செத்துவிடும், இளகிய குளிர்காலங்கள் அவற்றுக்குக் கொண்டாட்டம். உலகளாவிய மாதிரிகள் பலவற்றில் அந்தக் காலத்தில் வண்டே கிடையாது.

இன்னொன்று, கனடாவையும் சைபீரியாவையும் ஒரே வண்ணத்தில் பூசியிருந்தீர்கள். கனடாவின் கருப்பு ஸ்ப்ரூஸ் தழையோடு எரிந்து மொத்தமாகச் சாகும். சைபீரியாவின் லார்ச்சும் பைனும் தரைத்தீயில் பல தடவை தப்பித்து நிற்கும். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனாலும் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிடும், உறைமண்ணின் மேலேயே வாழும். ஒரே ‘ஊசியிலைக் காடு’ என்ற வகைக்குள் இரண்டையும் திணித்த மாதிரி இரண்டு இடத்திலும் தப்பாகத்தான் போகும்.

வெப்பம் கூடினால் வடக்குக் காடுகள் செழிக்கும், கார்பனை நிறைய வாங்கும் என்ற வாதமும் கட்டுரையில் இருந்தது. பாதி சரி. வசந்தம் சீக்கிரம் வருகிறது, வரவு கூடுகிறது. வட அட்சரேகைகளில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு கோடையில் இறங்கிக் குளிர்காலத்தில் ஏறும் அந்த ஆண்டு ஊசல், 1960-ஐ ஒட்டிய காலத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளில் சுமார் 50 சதவீதம் பெரிதாகியிருக்கிறது என்று விமானத்தில் பறந்து அளந்தே காட்டிவிட்டார்கள். மாதிரிகள் இந்த அளவுக்குப் பெரிதாகும் என்று சொல்லவில்லை. காடு முன்னைவிட மும்முரமாக மூச்சு விடுகிறது, அது உறுதி. ஆனால் ஊசல் பெரிதாவது வேறு, மிச்சம் பெரிதாவது வேறு. இலையுதிர் காலம் சூடாகும்போது ஒளி போதாமல் வரவு நின்றுவிடும், மண் மட்டும் சுவாசித்துக்கொண்டே இருக்கும். 2008-இல் வந்த ஒரு கணக்கு, வசந்தத்தில் கிடைத்த கூடுதல் வரவில் 90 சதவீதத்தை இலையுதிர் காலமே தின்றுவிடுகிறது என்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அப்படியென்றால் விஞ்ஞானிகளுக்கே ஒன்றும் தெரியாது, காலநிலைக் கணக்கெல்லாம் ஏமாற்று’ என்று உங்கள் பக்கத்திலேயே யாராவது பதில் கடிதம் எழுதலாம். வேண்டாம். எதில் உறுதி, எதில் உறுதியில்லை என்று பிரித்துச் சொல்லும் துறை இது. ஒளிச்சேர்க்கை, மரங்களின் நீர்ச் செலவு, ஆண்டுக்காண்டு வரும் ஏற்ற இறக்கத்தின் திசை, தீயின் உமிழ்வு, இவையெல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆழ மண்ணும் உறைமண்ணும் அடுத்த ஐம்பது ஆண்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதில்தான் மாதிரிகள் பிரிந்து நிற்கின்றன. பிழை எல்லையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் விற்பவர்கள்தான் சந்தேகக்காரர்களுக்குத் தீனி போடுகிறார்கள். மரம் நட்டு, அது உறிஞ்சும் கார்பனைக் கணக்குக் காட்டிச் சான்றாக (கார்பன் கிரெடிட்) விற்கும் நிறுவனங்களுக்கும் அந்த ஒற்றை எண் மீது ஏன் அவ்வளவு ஆசை என்று யோசித்தால் புரியும்.

நாடுகள் கொடுக்கும் கணக்கிலும் கவனமாக இருங்கள். கனடா ஐ.நா.வுக்கு அனுப்பும் அறிக்கையில் நிர்வகிக்கப்படும் காடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அதிலும் காட்டுத்தீ, பூச்சி போன்ற இயற்கைச் சேதத்தின் உமிழ்வைத் தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறது. விதிகளுக்கு உட்பட்டதுதான், வெளிப்படையாகவும் எழுதுகிறார்கள். ஆனால் வளிமண்டலத்துக்கு எந்தப் புகை எந்தப் பத்தியில் எழுதப்பட்டது என்று தெரியாதே! உலகம் முழுக்க நாடுகளின் கணக்கையும் உலகளாவிய மாதிரிகளின் கணக்கையும் ஒப்பிட்டவர்கள், இரண்டுக்கும் நடுவே ஆண்டுக்கு 500 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் இடைவெளி இருப்பதைக் காட்டினார்கள். பெரும்பாலும் யாரும் பொய் சொன்னதால் வந்ததல்ல, ‘மனிதச் செயல்’ என்று எதை எழுதுவது என்பதில் இரு தரப்பும் வேறு வேறு கோடு போட்டதால் வந்தது. காட்டை நம்பியே கார்பன் இலக்கு வைத்திருந்த ஃபின்லாந்தில், மரம் வெட்டுவது கூடி, வளர்ச்சி குறைந்து, கரிமண் நிலங்களின் (பாதி மட்கிய தாவரம் தடித்துக் கிடக்கும் சதுப்பு மண்) உமிழ்வும் சேர்ந்து, 2021 வாக்கில் காடு, வயல் எல்லாம் அடங்கிய நிலக் கணக்கு மொத்தமும் சேமிப்பிலிருந்து உமிழ்வுப் பக்கம் சாய்ந்துவிட்டது. இது அரசியல் செய்தி, உங்கள் முதல் பக்கத்துக்கே தகுதியானது.

அடுத்த தடவை இப்படி எழுதும்போது எண்ணோடு அதன் எல்லையையும், ஆண்டுகளையும், தீ உள்ளேயா வெளியேயா என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள், அந்தப் பக்கத்தில் பனிக்கரடிப் படம் கால் பக்கம் இருந்தது, கரடி காட்டில் வாழ்வதுகூட இல்லை.

இன்னும் ஒரு வேண்டுகோள். உலகப் போரியல் காட்டில் பாதிக்கும் மேல் ரஷ்யாவில் இருக்கிறது. அங்கே சைபீரியாவின் நடுவே ஸோட்டினோ என்ற இடத்தில் ஜெர்மன், ரஷ்ய ஆய்வாளர்கள் சேர்ந்து 2006-இல் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பினார்கள், பல நூறு கிலோமீட்டர் சுற்றளவின் காற்றை அளப்பதற்காக. 2022-க்குப் பிறகு போரின் காரணமாக மேற்கு நாடுகளுக்கும் ரஷ்ய ஆய்வு நிலையங்களுக்கும் இருந்த கூட்டுறவு பெரும்பாலும் அறுந்துவிட்டது. ரஷ்ய நிலையங்களை விட்டுவிட்டால் வடதுருவப் பகுதியைப் பற்றிய நம் சித்திரமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று 2024-இல் ஓர் ஆய்வு எண்களோடு காட்டியது. மாதிரிகளைச் சரிபார்க்கத் தரவு மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில்தான் இப்போது பெரிய ஓட்டை. இதைப் பற்றித் தமிழில் நான் இதுவரை ஒரு கட்டுரையும் பார்க்கவில்லை. உங்கள் நிருபர் எழுதினால், வரைபடங்களின் குறியைச் சரிபார்த்துக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்